ஸ்டோரில் காயவைத்த கால்

எங்கள் மறுவாழ்வு மையத்துக்கு 'ஈடுபாடு' என்ற சொல் ஒரு ஃபிளெக்ஸ் பேனராக வந்து சேர்ந்தது. அதற்கு முன்பும் நாங்கள் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தோம். தண்டுவடம் அடிபட்டு வருகிறவர்களை உட்கார வைப்போம், படுக்கையில் தானாகப் புரளப் பழக்குவோம், சக்கர நாற்காலியில் ஏறவும் இறங்கவும் கற்றுக்கொடுப்போம். சிலர் கற்றுக்கொண்டார்கள், சிலர் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்ளாதவர்களைச் சோம்பேறிகள் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். பேனர் வந்த பிறகு அவர்கள் 'ஈடுபாடு குறைந்த நோயாளிகள்' ஆனார்கள். வேறு எதுவும் மாறவில்லை.

பேனரில் ஒரு வெளிநாட்டுக்காரர் சக்கர நாற்காலியில் மலை உச்சியில் இருந்துகொண்டு இரண்டு கைகளையும் தூக்கியிருந்தார். மலையடிவாரத்துப் போடிக்காரர்களுக்கு மலை உச்சி என்றால் என்னவென்று தெரியும். அங்கே நாற்காலி எப்படி உருளாமல் நிற்கிறது, அதை மேலே தூக்கிக்கொண்டு போனது யார் என்று ஒவ்வொரு நோயாளியும் என்னிடம் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம் இருந்தது.

பேனரோடு சென்னையில் இருந்து ஒருங்கிணைப்பாளர் ஒருவரும் வந்தார். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவராக இருப்பார். எங்கள் மையம் முன்பு ஏலக்காய்க் கிடங்காக இருந்த கட்டடம். மழை நாளில் சுவரில் இருந்து இன்னும் வாசனை வரும். அவர் முதல் நாள் வாசலில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்து, "இந்த வாசனையே ஒரு தெரபி" என்றார். நான் படித்த நான்கரை வருடப் பிசியோதெரபிப் படிப்பில் அப்படி ஒரு பாடம் இல்லை.

அவர் கொண்டுவந்த திட்டத்தின் உயிர், போனில் ஏற்றிக்கொள்ளும் ஒரு செயலி. தினமும் சாயங்காலம் அது நோயாளியிடம் கேள்வி கேட்கும். இன்று பயிற்சி செய்தீர்களா, தோலைப் பார்த்துக்கொண்டீர்களா, உட்கார்ந்த இடத்தில் இருந்து கைகளை ஊன்றி எழும்பினீர்களா, மனம் எப்படி இருக்கிறது. சிரிக்கும் முகத்தை அழுத்தினால் ஒரு நட்சத்திரம். மாதக் கடைசியில் அதிக நட்சத்திரம் பெற்றவருக்குக் கேடயம்.

கூட்டத்தில் கருத்துக் கேட்டார்கள். நான் சொன்னேன்: ஒன்று, செய்யாமலே செய்ததாக அழுத்தலாம். இரண்டு, போன் நோயாளியின் கையில் இருக்காது, வீட்டு ஆள் கையில் இருக்கும். மூன்று, கேடயம் கொடுத்தால் கேடயத்துக்காக அழுத்துவார்கள். நான்காவதைச் சொல்வதற்குள் அவர் "சூப்பர் பாயிண்ட்ஸ்" என்று சொல்லித் திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நான்காவது இதுதான்: புண் வந்தால் செயலிக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில் எங்களிடம் இருந்தவர் ராசிங்காபுரத்துக்காரர். வயது நாற்பத்தைந்து இருக்கும். ஊரில் நிலம், போடிமெட்டுக்கு மேலே சரிவில் சொந்த ஏலத்தோட்டம், பச்சைக் காயை உலர்த்த ஸ்டோர் என்று வசதியாக இருந்தவர். ஸ்டோர் என்றால் கடை இல்லை. வெளியே அடுப்பில் விறகு எரியும், அந்தச் சூடு தகரக் குழாய் வழியாக உள்ளே தரையோரமாக ஓடும், மேலே தட்டுத் தட்டாகக் காய் பரப்பியிருக்கும். அதுதான் ஸ்டோர்.

அவர் விழுந்த கதையை அவரே ஒரு முறைதான் சொன்னார். தோட்டத்தில் நிழல் மரங்களுக்குக் கிளை கழிக்க ஆள் விட்டிருக்கிறார். ஏறியவன் வெட்டிய விதம் அவருக்குப் பிடிக்கவில்லை.

"எறங்குடா, ஒனக்கெல்லாம் எவன்டா அருவா குடுத்தான்னு அவன எறக்கிவிட்டுட்டு நானே ஏறுனேன் தாயி," என்றார். "நல்லாத்தான் வெட்டுனேன். கெளைதான் சரியில்ல."

தொப்புளுக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லை. கைகளும் தோளும் நல்ல பலம். இப்படி அடிபட்டவர்களில் அவருடையது நல்ல நிலைமை என்றுதான் நான் சொல்வேன். முந்திய ஆஸ்பத்திரியில் இருந்தபோதே புட்டத்தில் படுக்கைப் புண் வந்து, அது ஆறித்தான் எங்களிடம் வந்தார். ஆறிய இடத்தின் தோல் மெலிசாக, பளபளவென்று இருந்தது. மறுபடி அங்கே புண் வந்தால் எலும்பு வரை போகும், எலும்புக்குப் போனால் ரத்தத்தில் விஷம் ஏறும். தண்டுவடக் காயத்தோடு பிழைத்து வருகிறவர்கள் பெரும்பாலும் முதுகினால் சாவதில்லை. புண்ணினாலோ மூத்திரக் கோளாறினாலோ சாகிறார்கள். இதை நான் ஒளிக்காமல் அவரிடமே சொன்னேன். அவர் செய்ய வேண்டியவற்றையும் வரிசையாகச் சொன்னேன். உட்கார்ந்திருக்கும்போது அடிக்கடி கைகளை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். படுக்கையில் தானே புரள வேண்டும். நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடியில் தினமும் தன் முதுகையும் புட்டத்தையும் குதிகாலையும் பார்க்க வேண்டும். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் யாரும் தூக்காமல் தானே மாற வேண்டும்.

"சரி தாயி," என்றார்.

எதற்கும் அதுதான் பதில். சரி தாயி என்பார், செய்ய மாட்டார். என் கையில் கண்ணாடியைப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே பஸ் போவதைப் பார்ப்பார்.

அவர் செய்யாமல் இருப்பதற்கு வேண்டிய எல்லா வசதியும் அவரைச் சுற்றி இருந்தது. மனைவி ஊட்டிவிடுவார். மனைவியின் தம்பி தூக்கி உட்கார வைப்பார். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் ஜீப்பு நிறைய வருவார்கள். ஆரஞ்சு, ரொட்டி, சத்துமாவு டப்பா எல்லாம் கட்டிலின் கீழே சேரும். வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று அவர் காலை அமுக்குவார்கள். உணர்வு இல்லாத காலை அமுக்கி யாருக்கு என்ன பயன் என்று தெரியாது. அமுக்கியவர்களுக்கு ஒரு திருப்தி இருந்திருக்கும். அவர் தானே புரள முயன்றால் நாலு கை சேர்ந்து வரும்.

"நாங்க இம்புட்டுப் பேரு இருக்கும்போது நீ எதுக்கு அப்பு சிரமப்படுற?" என்று ஒரு பெரியப்பா முறைக்காரர் அவரைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு என்னை முறைத்தார். நான் நோயாளியைக் கொடுமைப்படுத்துவதாகச் சொந்தக்காரர்கள் பக்கத்தில் ஒரு பேச்சு இருந்தது.

நான் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, எல்லாத்தையும் நீங்களே செஞ்சா அவரு எப்ப கத்துக்குவாரு?" என்று கேட்டேன்.

"கத்துக்கிட்டு என்ன பாப்பா செய்யப் போறாரு? மகாராசனாப் படுத்திருக்கட்டும். எனக்கு வேற என்ன சோலி?" என்றார்.

அன்பு என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஒரு மனிதனைக் கட்டிலில் வைத்து, கை இருக்கும்போதே கை இல்லாதவனாக்கி, அவன் சாகும்வரை நன்றாகப் பார்த்துக்கொண்டோம் என்று ஊரில் சொல்லிக்கொள்வது. அந்தப் பெண் கெட்டவர் இல்லை. ஆனால் அவருடைய நல்ல குணம் என் வேலையில் ஒரு தடைதான். வேறு விதமாக அதைப் பார்க்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

போன் மைத்துனர் கையில் இருந்தது. அவர் சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே எல்லாச் சிரிக்கும் முகங்களையும் அழுத்துவார். ஏமாற்றுகிறோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை.

"பயிற்சி செஞ்சாராண்ணே?" என்று கேட்டேன்.

"நாந்தான் மேடம் கால ரெண்டையும் மடக்கி நீட்டி விட்டேன். அவரு செஞ்சா என்ன, நான் செஞ்சா என்ன?"

"மனசு எப்படி இருக்குன்னு கேக்குதே, அதுக்கு?"

"நல்லா இருக்குன்னு போட்டேன். நல்லா இல்லன்னு போட்டா மச்சானுக்கு மரியாத இல்லேல்ல."

அந்த மாதத்தின் நட்சத்திரப் பட்டியலில் ராசிங்காபுரத்துக்காரர் முதலில் நின்றார். ஒருங்கிணைப்பாளர் அதைச் சுவரில் ஒட்டினார்.

ஆனால் கண்ணெதிரே ஒரு மனிதர் ஜன்னலைப் பார்த்தபடி இருந்ததால் அவருக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். செயலியோடு நிறுத்தாமல் உள்ளூர் வாழ்க்கைக்குப் பொருத்தமான செயல்பாடு ஒன்றும் வேண்டும் என்று முடிவு செய்தார். ஒரு நாள் பயிற்சிக் கூடத்துக்குத் தட்டு நிறைய ஏலக்காயோடு வந்தார். பெரியதும் சின்னதும் வெளுத்ததும் கலந்திருந்தது. அதை நாற்காலியின் முன்னால் மேசையில் வைத்து, இதைத் தரம் பிரிக்க வேண்டும், கைக்கும் பயிற்சி, மனத்துக்கும் பழைய தொழில் நினைவு என்றார்.

ராசிங்காபுரத்துக்காரர் தட்டைப் பார்த்தார். "யாருக்குங்க தம்பி இது?"

"உங்களுக்குத்தான் சார். உங்க தொழில்தானே?"

"உங்க ஆபீஸ்ல கூட்டிப் பெருக்குறதுக்கு ஆளு இருக்கா?"

"இருக்காங்க சார்."

"நீங்க படுத்துட்டீங்கன்னு வைங்க. உங்க தொழில்தானன்னு ஒருத்தன் வெளக்கமாத்தக் கொண்டாந்து கையில குடுத்தா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

ஒருங்கிணைப்பாளருக்குப் புரியவில்லை. இங்கே காய் பொறுக்குவது பெண்களின் கூலி வேலை. தோட்டக்காரர் அந்த வேலையை நின்று பார்ப்பார், குற்றம் சொல்வார், செய்ய மாட்டார். விவரம் தெரிந்த யாரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவர் கேட்கவில்லை. ஏலக்காய் ஊரில் ஏலக்காயைக் கொடுத்தால் போதும் என்று நினைத்துவிட்டார். நான் இவர் பக்கமும் இல்லை. பகல் முழுக்கக் குனிந்து பொறுக்கிப் பொறுக்கி இடுப்பு போய் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருகிற பெண்களைத் தினமும் பார்க்கிறேன். அந்த வேலை தன் மேசைக்கு வந்தது என்பதற்காக ஒரு மனிதர் முகம் சிவப்பதை என்னால் மதிக்க முடியவில்லை. இரண்டு பேரையும் பொதுவாக வெறுத்துக்கொண்டு தட்டை எடுத்து உள்ளே வைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் பயிற்சிக் கூடத்துக்கே வரவில்லை. காய்ச்சல் மாதிரி இருக்கு தாயி, நாளைக்குப் பாப்போம் தாயி என்று நாட்கள் போயின. சில நாள் வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்திருந்து பார்க்கிறோம் என்று குடும்பத்தார் கேட்டார்கள். எல்லா நோயாளிக்கும் அப்படி ஒரு ஒத்திகை உண்டு. கிளம்பும்போது நான் மனைவியிடம் செய்யக்கூடாதவற்றைச் சொன்னேன். ஒரே பக்கமாக அதிக நேரம் படுக்க வைக்கக்கூடாது. காற்றுத் தலையணை இல்லாமல் உட்கார வைக்கக்கூடாது. காலில் வெந்நீர்ப் பை வைக்கக்கூடாது, சுடுவது அவருக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெந்நீர்ப் பையை அவர் உண்மையிலேயே வைக்கவில்லை.

ராசிங்காபுரத்து வீட்டில் இருந்து அவரைப் பிறகு மேலே தோட்டத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். காய் எடுப்பு நேரம், மைத்துனர்தான் இப்போது எல்லாம் பார்க்கிறார், இடம் மாறினால் மனம் மாறும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வர வேண்டிய நாள், கேடயம் கொடுக்கும் நாள். நேராக மலையில் இருந்தே ஜீப்பில் வந்து இறங்கினார்கள். கூடத்தில் நாற்காலிகள் போட்டு, மேசைக்குத் துணி விரித்து, கேடயத்தை ஒரு தட்டில் வைத்திருந்தார்கள். மைத்துனர் சலவைச் சட்டை போட்டிருந்தார். நாலு பேர் சேர்ந்து இவரைத் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் வைத்தார்கள். காலில் கம்பளி சாக்ஸ்.

வீட்டுக்குப் போய்த் திரும்பியவர்களின் தோலை முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். நான் சாக்ஸில் கை வைத்தேன்.

"போட்டோ எடுத்துட்டுப் பாத்துக்கலாமே," என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"இல்ல, இப்பவே பாத்துடுறேன்."

சாக்ஸ் சுலபமாக வரவில்லை. நனைந்து ஒட்டியிருந்தது. உப்பு நீர் விட்டு மெதுவாகக் கழற்றினேன். இரண்டு பாதத்திலும் கொப்புளம். வலது பாதத்தின் வெளி ஓரம் வெள்ளையாக, தோல் மாதிரியே இல்லாமல் இருந்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது.

"என்னக்கா ஆச்சு?" என்று கேட்டேன்.

"கால் ஐஸா இருந்துச்சு பாப்பா," என்றார் மனைவி. "மேல பனி. போர்வையச் சுத்துனாலும் சூடே ஏறல. அதான் ஸ்டோருக்குள்ள கட்டிலப் போட்டு, குழாய் மேல சாக்கு விரிச்சு, காலை மட்டும் அதுல வச்சோம். நான் பக்கத்துலயேதான் இருந்தேன். கைய வச்சு வச்சுப் பாத்தேன்."

"கைய எங்க வச்சுப் பாத்தீங்க?"

"சாக்கு மேல."

"சூடு குடுத்தா ரத்த ஓட்டம் வரும்னு சொன்னாக மேடம்," என்றார் மைத்துனர்.

"யாரு சொன்னாக?"

"எல்லாரும்தான்."

ஏலக்காய்க்காரர்கள் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. ஈரமாக, சில்லென்று வருகிற எதையும் ஸ்டோரில் வைத்தால் சரியாகிவிடும் என்று பரம்பரையாகக் கண்டவர்கள். காய்க்குச் செய்வதைக் காலுக்கும் செய்தார்கள்.

நான் மருத்துவரைக் கூப்பிட ஆள் அனுப்பினேன். நாற்காலியில் இருந்தவர், "தூக்கிக் காட்டு தாயி," என்றார். காலைப் பிடித்து உயர்த்தினேன். விழுந்த பிறகு அவர் தன் பாதத்தை நேராகப் பார்த்தது அன்றுதான். அடுத்தவன் வீட்டுச் சரக்கைப் பார்ப்பது மாதிரி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு மைத்துனரைப் பார்த்தார்.

"மாப்ளே, அடுப்புல எத்தன கட்ட போட்ட?"

"எப்பவும் போடுறதுதான் மச்சான்."

"எப்பவும் போடுறதுக்கு இப்படி வேகாது. சாக்கு வேற இருந்துருக்கு. சொல்லு."

மைத்துனர் சட்டைப் பொத்தானைத் தடவினார். "காலைல இங்க பரிசு வாங்க வரணும்ல மச்சான். வெரசாக் காயட்டும்னு கொஞ்சம் கூடப் போட்டேன்."

"காய் என்ன நெறத்துல வந்துருக்கு?"

மைத்துனர் வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்தார்.

"ஜீப்புல கெடக்கா? கொண்டா."

"இப்ப எதுக்கு மச்சான், அதான் காலு…"

"கொண்டான்னா கொண்டா."

ஒரு பையில் கொண்டுவந்தார்கள். இவர் மேசைத் தட்டில் இருந்த கேடயத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அந்தத் தட்டிலேயே காயைக் கொட்டச் சொன்னார். எனக்கே தெரிந்தது. பச்சை போய் வைக்கோல் நிறத்தில் இருந்தது, பாதிக்கு மேல் வாய் பிளந்திருந்தது. அவர் விரலால் ஒரு முறை அளைந்தார்.

"காலு வெந்த சூட்டுல காய் என்னத்துக்கு ஆகும்? ஒரு ஸ்டோர் முழுக்கவா இப்படி?"

"முழுக்கத்தான்."

"நான் உள்ள படுத்திருக்கேன். ஏங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடா?"

"உங்களுக்கு எதுக்கு மச்சான் சிரமம்னுதான்…"

அதுவரை அவர் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. மரத்தில் இருந்து ஒருவனை இறக்கிவிட்ட குரல் அதுவாகத்தான் இருக்க வேண்டும். மைத்துனரின் தொழில் அறிவு, அவரை நம்பித் தோட்டத்தை ஒப்படைத்தவர்களின் அறிவு, சலவைச் சட்டை, ஒன்றையும் விடவில்லை. ஒருங்கிணைப்பாளர் என் அருகில் வந்து, நிகழ்ச்சியை ஆரம்பிக்கலாமா என்று மெதுவாகக் கேட்டார். நான் நாற்காலிப் பக்கம் திரும்பினேன்.

"அண்ணே, காலு?" என்றேன்.

"காலு கெடக்கட்டும் தாயி. அது நடக்கவா போகுது?"

எனக்கு உண்மையில் அப்போதுதான் கோபம் வந்தது. மனைவி மீதும் மைத்துனர் மீதும் வந்ததைவிட அதிகமாக வந்தது. வெந்த காலுக்கு ஒரு வார்த்தை இல்லை, வெந்த காய்க்கு இவ்வளவு பேச்சு.

"நடக்காது," என்றேன். "ஆனா அழுகும். அழுகுனா காய்ச்சல் வரும், ரத்தத்துல விஷம் ஏறும். அப்புறம் உங்க ஸ்டோர உங்க மாப்ளதான் கடைசி வரைக்கும் பாப்பாரு. இப்படித்தான் பாப்பாரு."

அவர் என்னை முதல் முறையாகச் சரியாகப் பார்த்தார். "சரி தாயி" என்று சொல்லவில்லை.

சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. மற்றது ஆற நெடுநாள் ஆனது. கட்டு மாற்றும்போது அவர் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நாட்களில் ஒரு காலையில், மேலே போய்வர என்னவெல்லாம் தெரிய வேண்டும் என்று அவராகவே கேட்டார். கூட்டத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. நான் சொன்னேன். தன் தோலைத் தானே பார்க்கத் தெரிய வேண்டும். தன் மூத்திரக் குழாயைத் தானே போடத் தெரிய வேண்டும். ஜீப்பில் ஏறத் தெரிய வேண்டும், ஜீப்பு உட்காரும் இடம் நாற்காலியைவிட உயரம் என்பதால் கையிலும் தோளிலும் இப்போது இருப்பதைப்போல் இன்னொரு பங்கு பலம் வேண்டும். கைலி கூடாது, சிக்கும். கால்சட்டை போட வேண்டும்.

"கால்சட்டயா? எளவட்டம் மாதிரியா?"

"ஆமா."

"அவன் சிரிப்பான்."

"யாரு?"

"மாப்ள."

"சிரிக்கட்டுமே. அவரு காய் காயப் போட்ட லட்சணத்துக்கு நீங்க சிரிங்க."

அதன் பிறகு எனக்கு அவரைத் தூண்ட வேண்டிய வேலையே இருக்கவில்லை, நிறுத்த வேண்டியதாகத்தான் இருந்தது. கண்ணாடியில் தன் புட்டத்தைப் பார்த்துவிட்டு, "இந்தத் தோலு ரெண்டாந் தரம்" என்பார். தோட்டத்தில் இருந்து ஒவ்வொரு முறை உலர்ந்த காய் வரும்போதும் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பார், மைத்துனரைத் திட்டுவார், அந்தக் கோபம் ஆறுவதற்குள் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்குவார், நான் பக்கத்தில் நின்று ஒண்ணு ரெண்டு என்று எண்ணுவேன். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் பலகை போட்டு மாறினார். பிறகு கனமான பெட்டி ஒன்றை நடுத்திட்டாக வைத்து உயரம் ஏறினார். கவிழ்ந்தும் விழுந்திருக்கிறார். தூக்க ஓடிவருகிற சொந்தக்காரர்களுக்கு அவர் சொன்ன பதில்களை இங்கே எழுத முடியாது. பார்க்க வருகிற ஜீப்புகள் குறைந்தன. கால் அமுக்க வருகிறவர்களும் வரவில்லை.

ஒருங்கிணைப்பாளர் தன் அறிக்கையில் இவரைச் சேர்த்துக்கொண்டார். கேடயத்துக்குப் பிறகு ஈடுபாடு கூடியிருக்கிறது, தேதி வரிசை அப்படித்தான் காட்டுகிறது. ஏலக்காய்த் தட்டும் அதில் ஒரு படமாக இடம்பெற்றது. என்ன மாற்றம் இதற்குக் காரணம் என்று என்னிடம் கேட்டார்.

"அவருக்கு ஒருத்தரக் கண்டா ஆகல," என்றேன்.

"அதை எப்படி மேடம் எழுதறது?" என்று உண்மையாகவே யோசித்தார். கடைசியில் 'குடும்ப ஊக்கம்' என்று எழுதினார்.

கிளம்பும் நாளில் ஜீப்பை எங்கள் வளாகத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கதவுச் சட்டத்தில் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புப் பிடியை வெல்டிங் வைத்திருந்தார்கள். நான் மனைவியிடம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னேன். நின்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. இவர் நாற்காலியில் இருந்து பெட்டிக்கு மாறினார். பெட்டியில் மூச்சு வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிடியைப் பற்றி எழும்பியபோது இடுப்பு இருக்கையின் விளிம்பில் நின்று, வழுக்கி மறுபடி பெட்டிக்கே வந்தது. மைத்துனர் ஓடிவந்தார்.

"தள்ளி நில்லு மாப்ளே."

"புடிச்சுக்கிறேன் மச்சான்."

"நீ புடிச்சதெல்லாம் போதும். அடுப்பப் போயிப் புடி."

அடுத்த முறை ஏறிவிட்டார். கால்கள் இரண்டும் வெளியே தொங்கின. கால்சட்டையைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தார். வைப்பதற்கு முன் எஞ்சின் பக்கத் தகரத்தில் கையை நேராக வைத்துப் பார்த்தார். சூடு இருந்திருக்க வேண்டும். மனைவியிடம் மடித்த கம்பளியை வாங்கி நடுவில் செருகிவிட்டு, அப்புறம்தான் காலை வைத்தார்.

"வர்றேன் தாயி. மேல பக்கம் வந்துறாத, வந்தா அங்கயும் ஒண்ணு ரெண்டுன்னு எண்ண ஆரம்பிச்சுருவ," என்றார். ஜீப்பு கிளம்பிப் போய்விட்டது.

சில வாரங்கள் கழித்து மனைவி போன் செய்தார். மேலேதான் இருக்கிறார்கள். குரலில் அழுகை இருந்தது, ஆனால் பயப்படுகிற மாதிரி இல்லை.

"என்னன்னு கேளு பாப்பா. விடிஞ்சா எல்லாரையும் ஏசுறாரு. தம்பி கோவிச்சுக்கிட்டு கீழ போயிட்டான். ஒருத்தரும் தொடக்கூடாதுங்கிறாரு. ஸ்டோருக்குள்ள நாக்காலியத் தள்ளிக்கிட்டுப் போயி அங்கயே கெடக்குறாரு. ஆஸ்பத்திரியில இருந்தப்ப எம்புட்டு நல்லா இருந்தாரு, ஒரு சொல்லு பேச மாட்டாரு. நீ ஏதாச்சும் சொல்லேன், கேப்பாரு."

"உடம்புல எங்கயாச்சும் செவப்பு இருக்காக்கா? புட்டத்துல, குதிகால்ல?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. தெனமும் அவரே கண்ணாடிய வச்சுப் பாத்துக்கிறாரு. டார்ச்ச நான் ஒழுங்காப் புடிக்கலன்னு அதுக்கும் ஏச்சு."

"எந்தப் பக்கம் புடிக்கச் சொல்றாரு?"

"இன்னும் கீழ எறக்கிப் புடிங்கிறாரு."

"அப்ப கீழ எறக்கிப் புடிங்கக்கா," என்றேன்.